இரண்டரைக் கல் பாவாடை

1

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். எழுதினால் நான் பொறாமைப்பட்டதை என் கையாலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். அதுவும் யார் மேல்? கோட்டையூர் சரவணன் மேல். மூன்றாம் வகுப்பு வரை மூக்கு ஒழுகிக்கொண்டு திரிந்தவன் மேல். ஆனால் என்னோடு அறையில் இருக்கும் இசக்கி திருநெல்வேலிக்காரன். "நீ எழுதலேன்னா நானே உங்க ஊர் குரூப்புல எல்லாத்தையும் போட்டுருவேம்ல" என்று மிரட்டிவிட்டான். அவன் சொன்னால் கை கால் ஒட்டவைத்துச் சொல்வான். அதற்கு நானே சொல்லிவிடுவது எனக்குக் கொஞ்சம் நல்லது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் மணி. காரைக்குடிக்காரன். பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையோடு எனக்கும் படிப்புக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. கொஞ்ச நாள் ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறையில் வேலை பார்த்தேன். இப்போது இரண்டரை வருடமாகப் போலந்தில் இருக்கிறேன். ஒரு பெரிய கிடங்கில் பெட்டியை எடுத்து, ஸ்டிக்கர் ஒட்டி, இன்னொரு இடத்தில் வைப்பது என் வேலை. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வீட்டில் கேட்டால் ‘ஏற்றுமதி’ என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

போன வாரம் என் தங்கச்சி மகள் யாழினிக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் நான் போகவில்லை. நடந்தது எல்லாம் அதனால்தான்.

2

தங்கச்சி ரேவதியைக் கோட்டையூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். நான் விமானம் ஏறும்போது யாழினிக்கு ஆறு மாதம். என் சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று அழுதாள். இப்போது மூன்று வயது. அந்தப் பையையும் மறந்துவிட்டாள், சட்டைக்குள் இருந்த ஆளையும் மறந்துவிட்டாள். வீடியோ காலில் என்னைப் பார்த்தால் அவள் கூப்பிடும் பெயர் ‘போன் மாமா’.

அடைமொழி இல்லாத, முழு மாமா ஒருவன் இருக்கிறான். அவன்தான் சரவணன். ரேவதி வீட்டுக்கு அடுத்த தெரு.

இதில் என் தப்பும் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் நானும் அவனும் ‘பங்காளி’ என்று கூப்பிட்டுப் பழகிவிட்டோம். பங்காளி என்றால் அண்ணன் தம்பி முறை. அதனால் அவன் என் தங்கச்சிக்கு அண்ணன், அவள் பிள்ளைக்கு மாமன். எல்லாரையும் போல ‘மாப்ள’ என்று கூப்பிட்டுத் தொலைத்திருந்தால் யாழினிக்கு அவன் சித்தப்பா ஆகியிருப்பான். எனக்கும் நிம்மதியாகத் தூக்கம் வந்திருக்கும்.

சரவணன் செராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறான். சாயங்காலம் வீட்டில் தைக்கிறான். அவன் அக்கா கல்யாணத்துக்குத் தாம்பூலப் பை கடையில் நன்றாக இல்லை என்று தானே தைக்க ஆரம்பித்தவன், பிறகு நிறுத்தவே இல்லை. கிழிந்த கண்டாங்கிச் சேலையின் கட்டத்தை வைத்துத் தலையணை உறை, மிச்சத் துணியில் பர்ஸ், இன்னும் மிச்சம் விழுந்தால் யானை. யார் வீட்டு விசேஷத்துக்கும் கடைக்குப் போய்ப் பரிசு வாங்க மாட்டான், தைத்துத்தான் எடுத்துப் போவான். யாழினிக்கு வாரம் ஒரு கவுன். வாரம் ஒரு போட்டோ. போட்டோவுக்குக் கீழே என் தங்கச்சி, "சரவணண்ணே தச்சுக் குடுத்தாக" என்று எழுதி, பக்கத்தில் கண்ணில் இதயம் வைத்த மஞ்சள் மூஞ்சி நாலு.

நான் இங்கிருந்து பேசும் பொம்மை அனுப்பினேன். போலிஷ் மொழியில் பாட்டுப் பாடும். பிள்ளை அதைப் பார்த்துப் பயந்து கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். சரவணனின் துணி யானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் வெளியே வந்தாளாம். இதையும் ரேவதி சிரித்துக்கொண்டே சொன்னாள்.

ஒன்பதாம் வகுப்பில் சரவணனின் சட்டைப் பொத்தான் விழுந்துவிட்டது. பையிலிருந்து ஊசி நூல் எடுத்து வகுப்பிலேயே தைத்துக்கொண்டான். அன்றிலிருந்து ஒரு வருடம் அவனை ‘டெய்லரம்மா’ என்று கூப்பிட்டேன். மொத்தப் பள்ளிக்கூடமும் கூப்பிட்டது. நான் ஆரம்பித்த கிண்டல்களிலேயே அதுதான் நன்றாக ஓடியது. அவன் அப்போதும் கோபப்படவில்லை. கோபப்படாத ஆள்மேல் பொறாமைப்படுவது ரொம்பக் கஷ்டமான வேலை.

3

தை மாதம் நாச்சியாபுரம் பக்கம் அவர்கள் குலதெய்வக் கோயிலில் மொட்டையும் காதுகுத்தும் என்று முடிவானது. ரேவதியின் மாமியார் போனை வாங்கி, "என்ன தம்பி, நல்லா இருக்கீகளா? எப்ப வாரீக? மாமன் மடியிலதேன வச்சுக் காது குத்தணும்" என்றார்.

நான் போக முடியாது. இங்கே தங்குவதற்கான அட்டை பழசு முடிந்துவிட்டது. புதுசுக்குக் கொடுத்துப் பதினோரு மாதம் ஆகிறது. அதுவரைக்கும் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை. முத்திரையோடு இந்த நாட்டில் எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம். ஆனால் ஊருக்குப் போனால் அதை வைத்துத் திரும்பி உள்ளே வர முடியாது. அலுவலகத்தில் போய்க் கேட்டேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மா என் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார். காத்திருக்க வேண்டும் என்று அர்த்தம். போலிஷ் மொழியில் நான் தப்பில்லாமல் கற்றுக்கொண்ட முதல் வார்த்தை அதுதான்.

"அப்ப யார் மடியில உக்கார வைக்க?" என்று ரேவதி கேட்டாள். கேட்டுவிட்டு அவளே, "சரவணண்ணே இருக்காகள்ல" என்றாள்.

மடி போய்விட்டது. மிச்சம் இருப்பது சீர்த்தட்டு. எங்கள் பக்கம் மொட்டை போட்டுக் குளிப்பாட்டியதும் பிள்ளைக்கு உடுத்துகிற புதுத் துணி தாய்மாமன் தட்டில் இருந்துதான் வரவேண்டும். அதை விட்டால் அன்றைக்கு எனக்கு அந்தக் கோயிலில் வேறு வேலையே இல்லை.

"துணியை அம்மாவே காரைக்குடியில எடுத்துருமாம்" என்றாள் ரேவதி.

"யாரும் எடுக்க வேணாம். பாவாடை சட்டை நானே தச்சு அனுப்புறேன்."

"என்னது?"

"தச்சு."

அவள் போனைத் தள்ளி வைத்துவிட்டுச் சிரித்தாள். தள்ளி வைத்தாலும் கேட்டது.

4

தையல் மெஷினை நாலாவது மாடியில் ஒரு குடும்பம் காலி செய்தபோது வாங்கினேன். ஊரில் நான் பார்த்ததெல்லாம் காலால் மிதிக்கிற மெஷின். இது மோட்டார். பெடலில் சும்மா கால் வைத்தேன். துணியையும் இழுத்து, என் சட்டைக் கையையும் சேர்த்து ஒரே தையலாகத் தைத்துவிட்டது. இசக்கி பிளக்கைப் பிடுங்கிவிட்டு, "மெஷினோட பொறந்த மாதிரில்லா இருக்க" என்றான்.

நூல் வாங்கப் போனேன். நூலுக்கு இந்த ஊரில் என்ன வார்த்தை என்று தெரியவில்லை. கடைக்காரரிடம் நடித்துக் காட்டினேன். இரண்டு விரலால் பிடித்து, இழுத்து, மறுபடி குத்தி, மறுபடி இழுத்து. அவர் முகம் மலர்ந்து உள்ளே போய்த் தூண்டில் நரம்பும் முள்ளும் எடுத்து வந்தார். இவ்வளவு சந்தோஷமாகக் கொடுப்பவரிடம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வாங்கிக்கொண்டேன். இசக்கி இப்போது ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிக்கப் போகிறான்.

கற்றுக்கொடுக்க ஆள் வேண்டுமே. யூடியூப்பில் ‘சின்னப் பிள்ளைப் பாவாடை தைப்பது எப்படி’ என்று தமிழில் தேடினேன். வரிசையில் முதலில் வந்த முகம் சரவணன். பல்லைக் காட்டிக்கொண்டு, கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு. வேறு சேனல் நாலு பார்த்தேன். வேகமாகச் சொன்னார்கள், பாதியை மறைத்தார்கள். இவன்தான் என்னைப் போன்ற மண்டைக்கும் ஏறுகிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னான். சனியன், நன்றாகவே சொன்னான்.

என் பெயரில் போய்ச் சந்தேகம் கேட்க முடியுமா? ‘மீனா, பள்ளத்தூர்’ என்று ஒரு கணக்கு ஆரம்பித்தேன்.

"தம்பி, இடுப்புச் சுருக்கு வைக்கும்போது எனக்கு மட்டும் ஒரு பக்கமாவே குவியுதே?" என்று மீனா கேட்டாள்.

"அக்கா, ரெண்டு வரிசை லூஸ் தையல் போட்டு, நூலை ரெண்டு முனையிலயும் மெதுவா இழுங்க. அவசரப்பட வேணாம்" என்று பதில் வந்தது.

தலையணை உறை தைத்தேன். பை தைத்தேன். இசக்கிக்குச் சோற்றுப் பை. அதில் கைப்பிடி இரண்டும் ஒரே பக்கத்தில் வந்துவிட்டது. அப்படியே கொண்டுபோகிறான். ஒரு வீடியோவின் கடைசியில் சரவணன், "பள்ளத்தூர் மீனாக்கா மாதிரி கூச்சப்படாமச் சந்தேகம் கேளுங்க" என்று சொன்னான். அன்றைக்கு முழுக்கக் கிடங்கில் நான் விசில் அடித்துக்கொண்டே பெட்டி தூக்கினேன். எதிராளி பாராட்டினால் இனிக்கும் என்று அதற்கு முன்னால் எனக்குத் தெரியாது.

5

இனி அளவு.

"புள்ளையை டேப்பு வச்சு அளந்து அனுப்பு" என்று ரேவதியிடம் கேட்டேன்.

"அத்தை வைவாக. பச்சப்புள்ளையை அளந்தா வளர்த்தி நின்னுருமாம்."

"அப்ப சரவணன் எப்படித் தைக்கிறான்?"

"அவுகளுக்கு அளவுச் சட்டை குடுத்துருக்கேன்ல."

நம் ஊர் வழக்கம் அதுதானே. உடம்பை யார் அளந்தார்கள்? பழைய சட்டையைக் கொடுத்தால் டெய்லர் அதைப் பார்த்துத் தைக்கிறார். அந்தச் சட்டையைப் போலந்துக்கு அனுப்பச் சொன்னால் வந்து சேர்வதற்குள் பிள்ளை வயசுக்கு வந்துவிடும். வீட்டில் டேப்பும் இல்லை. சரவணனிடம் வாங்கினால் அவனுக்கு விஷயம் தெரிந்துவிடும். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. என் வாழ்க்கையிலேயே நல்ல யோசனை என்று நினைத்தேன்.

"அவளோட பாவாடை சட்டையைத் தரையில விரி. ஆத்தங்குடிக் கல்லுல ஓரத்தோட ஓரம் சேத்து வச்சு, மேலேர்ந்து போட்டோ எடு. நான் கல்லை எண்ணிக்கிறேன்."

"கல்லை வச்சு அளவு தெரியுமாண்ணே?"

"ஆத்தங்குடிக் கல்லைப் பத்தி எனக்கா சொல்லித் தர்றே? எத்தனை கல்லு சுமந்த தோளு இது!"

போட்டோ வந்தது. பாவாடை நீளம் இரண்டரைக் கல். சட்டை அகலம் ஒன்றரைக் கல். கல் பத்து அங்குலம். இருபத்தைந்து, பதினைந்து. கணக்கில் போனவன் என்று என்னைச் சொல்கிறார்கள்.

சிவப்பில் சின்ன வெள்ளைப் பூப் போட்ட பருத்தித் துணி கிடைத்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமை. பாவாடை ஓரம் அடித்தபோது அலையலையாகப் போனது, பிரித்தேன். மறுபடி அடித்தேன், பிரித்தேன். சட்டைக்குக் கை ஏற்றுவதுதான் வரவே இல்லை. தோளில் ஒரு மூட்டை மாதிரி புடைத்துக்கொண்டு நின்றது. மீனா அதைப் போட்டோ எடுத்து, சேனல்காரத் தம்பிக்குத் தனியாக அனுப்பினாள். "தம்பி, இது எதனால?"

அரைமணி நேரத்தில் பதில். "அக்கா, கை வளைவை இன்னும் கால் இஞ்சு எறக்கி வெட்டுங்க. அப்புறம் ஒண்ணு, பள்ளத்தூர்ல பனி கொட்டுதாக்கா?"

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். துணிக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே கார்கள் எல்லாம் தலைவரைக்கும் வெள்ளையாக நின்றன.

போன் அடித்தது. சரவணன்.

"ஹலோ, மீனாக்காங்களா?"

"வைடா போனை."

"வைக்கிறேன், வைக்கிறேன். கையை ஏத்திட்டியா, அதைச் சொல்லு."

"அதெல்லாம் ஏத்தியாச்சு."

"எடது கை எடது பக்கம் இருக்கா?"

துணியைத் திருப்பிப் பார்த்தேன். இல்லை.

"இருக்கு" என்றேன்.

"இல்லேன்னா பிரிச்சுரு பங்காளி. போட்டோவுல மாறியிருக்க மாதிரி தெரிஞ்சுச்சு." கொஞ்சம் நிறுத்தினான். "தங்கச்சி என்னையப் புள்ளையை மடியில வச்சுக்கச் சொல்லுச்சு. உனக்கு மனசுல ஏதாச்சும் இருந்தா சொல்லிரு, நான் ஒக்காரலை."

"ஒக்காரு. வேற யாரு இருக்கா?" என்றேன். "ஆனா துணி என்னோடதுதேன் உடுத்தணும்."

"நானும் ஒண்ணு தச்சு வச்சுட்டேனேடா. கண்டாங்கியில, ஜரிகை வச்சு."

நான் மாறி ஏறிய கையைப் பிரிக்க ஆரம்பித்தேன்.

"சரி விடு. ஒன்னுது வந்து சேரட்டும், பாப்போம்" என்றான்.

சண்டை போடாமலே ஜெயிக்கிற ஆள் அவன்.

6

தபால் நிலையத்தில் பார்சலுக்குள் என்ன என்று படிவத்தில் எழுத வேண்டும். ‘மாமன் சட்டை’ என்று ஆங்கில எழுத்தில் எழுதினேன். கவுன்டரில் இருந்த பெண் விளக்கம் கேட்டாள். போனில் மொழிபெயர்க்கத் தட்டிக் கொடுத்ததில் ‘மாமாவின் சட்டை’ என்று போலிஷ் மொழியில் வந்தது. அவள் பொட்டலத்துக்குள் இருந்த சட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கையை உயர்த்தி, மாமா எவ்வளவு உயரம் என்று சைகையில் கேட்டாள். நான் என்னைக் காட்டினேன். அவள் அதை ஒரு தடவை என் நெஞ்சுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். வரிசையில் பின்னால் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். கடைசியில் ‘பரிசு’ என்று ஒரு கட்டத்தில் டிக் அடித்து முத்திரை குத்தினாள். இந்த நாட்டில் நான் கேட்டவுடனே விழுந்த ஒரே முத்திரை.

காதுகுத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது பார்சல் போய்ச் சேர்ந்தது. ரேவதி வீடியோவில் வந்தாள். பின்னால் யாழினி நின்றாள். யாழினி என்று முகத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் பாவாடை. தரையில் சுற்றிலும் ஒரு சாண் விரிந்து கிடந்தது. சட்டைக் கைக்குள் கை எங்கே என்று தெரியவில்லை.

"என்னண்ணே இது? எனக்கே பத்தும்போல!"

"ரெண்டரைக் கல்லுதேன வச்சேன். ரெண்டரை பத்து இருவத்தஞ்சு."

ரேவதி குனிந்து தரையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "எங்க வீட்டுக் கல்லு எட்டுண்ணே. நம்ம வீட்டுக் கல்லுதேன் பத்து."

நான் பட்டறையில் அதிகம் சுமந்த கல் பத்து. எங்கள் வீட்டில் கிடப்பது பத்து. உலகத்தில் இருக்கிற கல்லெல்லாம் பத்து என்று நினைத்துவிட்டேன். கோட்டையூரில் எட்டு அங்குலக் கல் பதிப்பார்கள் என்று எவனுக்குத் தெரியும்? எட்டு, பத்து, பன்னிரண்டு என்று தினமும் பிரித்து அடுக்கியவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மாமியாரின் குரல் கேட்டது. "அதை அடுத்த வருசத்துக்கு எடுத்து வையாத்தா. கோயிலுக்கு அந்தத் தம்பி தச்ச கண்டாங்கியைக் கட்டிவிட்டுக்கலாம்."

"சரவணண்ணேகிட்டக் குடுத்துச் சின்னதாக்கச் சொல்லவா?" என்று ரேவதி மெதுவாகக் கேட்டாள்.

"குடுக்காதே. அவன் கை என் துணியில படக் கூடாது. பின்னூசி குத்தி நீயே சரி பண்ணு."

"கோயில்ல வச்சுப் புள்ளைக்கு ஊசி குத்தச் சொல்றியா?"

"காதுல குத்தத்தேன போறீக. அதோட இதும்."

அவள் போனை வைத்துவிட்டாள். நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை, ஒரு பொய்ப் பெயர், ஒரு தூண்டில் முள். இசக்கி டீ போட்டுக் கொடுத்தான். அவன் கிண்டல் பண்ணவில்லை என்றதும்தான் நிலைமை எவ்வளவு மோசம் என்று புரிந்தது.

7

காதுகுத்தன்று காலை ஷிப்டுக்குப் போக பஸ் நிறுத்தத்தில் நின்றேன். அங்கே வெயில் ஏறியிருந்தது. இங்கே மூச்சு விட்டால் புகை வந்தது. ரேவதியின் வீடியோ கால் வந்தது. எடுக்கலாமா வேண்டாமா என்று ஒரு நிமிடம் பார்த்தேன். கண்டாங்கியில் அவளைப் பார்க்கத் தெம்பில்லை. பிறகு எடுத்தேன்.

மொட்டைத் தலையில் சந்தனம். சிவப்பில் வெள்ளைப் பூ.

பாவாடை இடுப்பில் நின்றது. கணுக்காலில் முடிந்தது. சட்டைக் கைக்குள்ளிருந்து இரண்டு கையும் வெளியே வந்திருந்தன. சரவணன் மடியில் உட்கார்ந்திருந்தாள். யாரோ, "தாய்மாமன் வரலையாக்கும்?" என்று கேட்டார்கள். "துணி வந்துருக்குல்ல" என்று சரவணன் சொன்னது கேட்டது.

ஆசாரி ஊசியை எடுத்தார். ஒரே அலறல். சரவணன் அவள் முகத்தைப் போன் பக்கம் திருப்பி, "அந்தா பாரு, மாமா, மாமா" என்றான். அவள் என்னைப் பார்த்து, வாயைக் கோணிக்கொண்டு, "போன் மாமா, வலிக்குது" என்று அழுதாள். அழுதுவிட்டு என் பாவாடையைத் தூக்கி மூக்கைத் துடைத்தாள். அவன் மடியில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் புகார் சொல்கிறாள். எனக்குக் கண் கலங்கியது. குளிர் என்று பக்கத்தில் நின்றவரிடம் காட்டிக்கொண்டேன்.

ஆனால் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் பழைய புத்தி திரும்பிவிட்டது. இருபத்தைந்து அங்குலம் எப்படி இருபது ஆனது? ரேவதிக்குப் பொத்தான்கூடத் தைக்க வராது. அவன்தான் கை வைத்திருக்கிறான். வெட்டித் தைத்திருந்தால் அது அவன் பாவாடை. நான் துணி வாங்கிக் கொடுத்த ஆள், அவ்வளவுதான். அன்றைக்கு எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான், அதையும் எடுத்துக்கொண்டானா? பொறுக்க முடியாமல் அவனுக்கு எழுதினேன்: "எத்தனை எடத்துல பிரிச்சே? உண்மையைச் சொல்லு."

பெட்டி தூக்க ஆரம்பித்த பிறகுதான் பதில் வந்தது:

"ஒன் தையல்ல ஒண்ணைக்கூடப் பிரிக்கலடா, பிரிச்சா மொத்தமும் கழண்டுருமோன்னு பயந்து உள்பக்கமா மடிச்சு டக்கு மட்டும் புடிச்சேன்."